ஃப்ரீசர்ல ஐஸ் கட்டுது, கீழ கூலிங்கே இல்ல. கேஸ் போயிடுச்சுங்கிறாங்க, உண்மையா?

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் டபுள் டோர், 2017-ல வாங்கினது, 260 லிட்டர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, இன்வெர்ட்டர் மாடல் இல்ல. பத்து நாளா மேல ஃப்ரீசர்ல ஐஸ் கல்லு மாதிரி கட்டுது ஆனா கீழ சுத்தமா கூலிங் இல்ல, புளிச்சதும் எடுத்து உள்ள வச்ச இட்லி மாவு மறுநாள் காலைல பொங்கி மூடிய தள்ளிட்டு நிக்குது, பால் ரெண்டு தடவ திரிஞ்சிருச்சு. முன்னாடி ஒரு வாரம் ஃப்ரீசருக்குள்ள ஏதோ உரசுற மாதிரி கரகரன்னு சத்தம் வந்துச்சு, இப்ப அந்த சத்தமும் இல்ல.

தெருவுல ஒரு மெக்கானிக்க கூப்பிட்டோம், கதவ தொறந்து கைய வச்சு பாத்துட்டு கேஸ் கம்மியாயிடுச்சு, 3500 ஆகும், இன்னைக்கே போட்டுடலாம்னார். நான் ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன். அம்மாவோட இன்சுலின் இதுலதான் இருக்கு, அதனாலதான் பதட்டமா இருக்கு. கேஸ் போட்டுடலாமா?

கூலிங்அண்ணன்

போடாதீங்கம்மா. இருபது வருஷமா இதே வேலதான் பாக்குறேன், நீங்க சொன்ன அறிகுறி கேஸ் கம்மியானதுக்கு உண்டானது இல்ல. கேஸ் குறைஞ்சா ஃப்ரீசரும் அடி வாங்கும், ஐஸ்கிரீம் கொழகொழன்னு ஆகும், ஐஸ் ட்ரேல தண்ணி சரியா உறையாது, கம்ப்ரஸர் கட் ஆகாம ஓடிக்கிட்டே இருக்கும், உள்ள குளிர் உண்டாக்குற காயில் குழாய்ல ஆரம்பத்துல ரெண்டு சுத்துல மட்டும் பனி புடிச்சு மிச்சம் வெறுசா நிக்கும். உங்களுக்கு ஃப்ரீசர் கல்லு மாதிரி இருக்கே, அப்ப கேஸ் இருக்கு, கம்ப்ரஸரும் நல்லா இருக்கு. குளிர் உண்டாகுது, கீழ வந்து சேரலை, அவ்வளவுதான்.

பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீல கீழ தனியா காயில் கிடையாது. ஃப்ரீசர் பின்னாடி பிளாஸ்டிக் பேனலுக்கு உள்ள ஒரே காயில், அதுக்கு மேல ஒரு சின்ன ஃபேன், அந்த ஃபேன்தான் குளிர்ந்த காத்த ஒரு வழியா கீழ தள்ளுது. அந்த காயில்ல பனி புடிக்கிறது இயல்பு, அத உருக்கத்தான் கீழ ஒரு ஹீட்டர் வச்சிருக்கான், மாடலைப் பொறுத்து எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் ஓடினதும் டைமர் கம்ப்ரஸர நிறுத்திட்டு ஹீட்டர போடும். ஹீட்டர் லைன்ல எங்கயோ ஒண்ணு செத்துட்டா பனி உருகாம நாளுக்கு நாள் சேந்து காயில் மொத்தமும் ஒரே ஐஸ் பாளமா ஆயிடும், காத்து போக வழி இருக்காது. உங்களுக்கு கேட்ட கரகர சத்தம் ஃபேன் எல இந்த ஐஸ்ல உரசினது. சத்தம் நின்னது நல்ல செய்தி இல்ல, ஃபேனே ஐஸ்ல மாட்டி நின்னிருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது, பொருள எல்லாம் எடுத்துட்டு ப்ளக்க பிடுங்கிட்டு ரெண்டு கதவையும் தொறந்து 24 மணி நேரம் விடுங்க. கீழ பழைய துணி நாலு போடுங்க, தண்ணி நிறைய வரும். அப்புறம் போட்டு பாருங்க. கீழயும் ஜில்லுன்னு ஆச்சுன்னா கேஸ்ங்கிற பேச்சே இல்ல.

நாகர்கோவில்_டீச்சர்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், தயவுசெஞ்சு கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஐஸ குத்திடாதீங்க. எங்க வீட்ல பழைய சிங்கிள் டோர்ல ஒட்டியிருந்த மீன் பாக்கெட்ட கத்தியால நெம்பினேன், உஸ்ஸுன்னு ஒரு சத்தம், அலுமினியத்துல ஓட்டை, நிஜமாவே கேஸ் போயிடுச்சு. ஒட்டு போட்டும் நிக்கல, ஃப்ரிட்ஜையே மாத்த வேண்டியதாப் போச்சு. அவசரம்னா ஒரு கிண்ணத்துல வெந்நீர் உள்ள வச்சு கதவ சாத்தி வைங்க, அதுக்கு மேல வேணாம்.

கூலிங்அண்ணன்

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. பின்னாடி ஸ்டிக்கர்ல ஆர்600ஏ-ன்னு போட்டிருக்கான்னும் பாத்துக்குங்க, இப்ப வர்ற பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்ல அதுதான். அது எரியுற கேஸ், நெருப்பு காட்டி உருக்குறது, மெழுகுவத்தி வைக்கிறதெல்லாம் கூடவே கூடாது.

பார்மசி_தம்பி

அக்கா, இன்சுலின் பத்தி மொதல்ல பாத்துடுவோம். தொறக்காத பாட்டில் 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். கீழ கூலிங் இல்லன்னு சொல்லி யாரும் ஃப்ரீசருக்கு மாத்திடாதீங்க, ஒரு தடவ உறைஞ்சா போச்சு, திரும்ப உருகினாலும் அத போடக் கூடாது, பாக்க நல்லா தெரிஞ்சாலும் போடக் கூடாது. தொறக்காத பாட்டில இப்பவே பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்லயோ வாங்குன மருந்துக் கடைலயோ கொடுத்து வைங்க, சொன்னா வச்சுப்பாங்க. யூஸ் பண்ணிட்டு இருக்குற பாட்டில் பெரும்பாலும் ஒரு மாசம் வரைக்கும் வெளில இருக்கலாம், ஆனா 25, 30 டிகிரி தாண்டக் கூடாதுன்னு அட்டைலயே இருக்கும், மதுரை வெயிலுக்கு அது முடியாது. பெரிய மண் சட்டில ஈர மணல், அதுக்குள்ள சின்ன சட்டி, அதுல பிளாஸ்டிக் கவர்ல பாட்டில், மேல ஈரத்துணி, நிழல்ல வைங்க. பத்து நாளா சூட்டுல இருந்த பாட்டில் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, அம்மாவுக்கு சுகர் கொஞ்ச நாளா ஏறியிருந்தா அதையும் சொல்லுங்க.

மதுரைப்பொண்ணு

தம்பி ரொம்ப நன்றி. நெஜமாவே ஒரு வாரமா காலைல சுகர் அதிகமாதான் காட்டுது, நாங்க மாம்பழம்னு நெனச்சு அம்மாவ திட்டிட்டு இருந்தோம். டாக்டர்கிட்ட பேசிட்டேன், அந்த பாட்டில தூக்கிப் போட்டுட்டு புதுசு எழுதிக் கொடுத்தாங்க, அது எதிர் வீட்டு அக்கா ஃப்ரிட்ஜ்ல இருக்கு.

ஃப்ரிட்ஜ நேத்து காலைலேர்ந்து தொறந்து போட்டிருந்தோம், ரெண்டு வாளிக்கு மேல துணி பிழிஞ்சோம். இப்ப போட்டு அஞ்சு மணி நேரம் ஆச்சு, கீழயும் ஜில்லுன்னு இருக்கு! ஃபேன் சத்தமும் கேக்குது. அப்ப சரியாயிடுச்சா?

கூலிங்அண்ணன்

இல்லம்மா, ஐஸ்தான் போயிருக்கு, ஐஸ் சேந்த காரணம் உள்ளயே இருக்கு. ஒரு வாரம், பத்து நாள்ல திரும்ப வரும் பாருங்க. அதுவரைக்கும் நடு தட்டுல ஒரு டம்ளர் தண்ணில தெர்மாமீட்டர் போட்டு வச்சு தினமும் காலைல எழுதி வைங்க. காத்துல வச்சு பாக்காதீங்க, கதவு தொறந்ததும் மாறிடும், தண்ணிதான் நெஜத்த சொல்லும். 4 டிகிரி பக்கம் இருக்கணும்.

புதுக்குடித்தனம்

குறுக்க கேக்குறதுக்கு மன்னிக்கணும், எங்களுது கூலிங் எல்லாம் ஓகே, ஆனா காய்கறி ட்ரேக்கு அடியில தினமும் தண்ணி தேங்குது, டபுள் டோர்தான். இதுவும் அதே பிரச்சனையா?

கூலிங்அண்ணன்

இல்ல தம்பி, உங்களுக்கு ஹீட்டர் வேல செய்யுது, உருகின தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு. அது ஒரு குழாய் வழியா பின்னாடி கம்ப்ரஸர் மேல உள்ள தட்டுக்கு போயி அந்த சூட்டுல ஆவியாகணும். பேனல் கழட்டி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி எடுத்து அந்த ஓட்டைல அழுத்தி விடுங்க, பின்னாடி தட்டுல தண்ணி சொட்டற வரைக்கும். கறிவேப்பிலை காம்பு, கவர் துணுக்குதான் பெரும்பாலும் இருக்கும்.

மதுரைப்பொண்ணு

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. மொத நாலு நாள் 4, 5-ன்னு இருந்துச்சு, ஆறாவது நாள் 8, இன்னைக்கு ஒன்பதாவது நாள் காலைல 13. என் கூடப்பொறந்த தம்பி லீவுக்கு வந்திருக்கான், மல்டிமீட்டர் வச்சிருக்கான், என்ன பாக்கணும்னு சொல்லுங்க.

கூலிங்அண்ணன்

ப்ளக்க பிடுங்கிட்டுதான் எதையும் தொடணும், இத எத்தன தடவ சொன்னாலும் தகும். திரும்ப முழுசா உருக விட்டு ஃப்ரீசர் பின் பேனல கழட்டச் சொல்லுங்க. மூணு சாமான் இருக்கு: ஹீட்டர், சூடு மிஞ்சினா அறுந்துபோற தெர்மல் ஃப்யூஸ், குளிரைப் பொறுத்து ஹீட்டர் லைன ஒட்டிப் பிரிக்குற பைமெட்டல் சுவிட்ச். பைமெட்டல் காயில் பைப்புல கிளிப் போட்டு மாட்டியிருக்கும், ரெண்டு ஒயர் வரும், வட்டமா இருக்கும்.

ஹீட்டர்ல முந்நூறு ஓம் பக்கம் காட்டினா நல்லா இருக்கு, 150 வாட் ஹீட்டர்னா கணக்குப்படி 350 வரும், ஒண்ணுமே காட்டலன்னா அறுந்துபோச்சு. ஃப்யூஸ் சும்மாவே கன்டினியுட்டி, அதாவது லைன் அறாம இருக்குன்னு, காட்டணும். பைமெட்டல்லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அது சாதாரண சூட்டுல பிரிஞ்சுதான் இருக்கும், உறைநிலைக்கு கீழ போனாதான் ஒட்டும். மேஜை மேல வச்சு பாத்துட்டு செத்துப்போச்சுன்னு நல்ல பைமெட்டல தூக்கிப் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். ஒரு டம்ளர்ல ஐஸ உடைச்சு போட்டு ரெண்டு ஸ்பூன் கல்லுப்பு கலந்து, பைமெட்டல கவர்ல சுத்தி அதுக்குள்ள கால் மணி நேரம் வச்சுட்டு அப்புறம் பாருங்க. அப்பவும் ஒட்டலன்னாதான் அது செத்துருக்கு.

மூணும் நல்லா இருந்தா டைமர்தான், அத அப்புறம் பாப்போம்.

மதுரைப்பொண்ணு

பாத்துட்டோம் அண்ணே. ஹீட்டர் 340 காட்டுது. ஃப்யூஸ் நல்லா இருக்கு. பைமெட்டல் ஐஸ் உப்புல இருபது நிமிஷம் வச்சும் ஒண்ணும் காட்டல, அதோட உடம்பு லேசா உப்பி ஓரத்துல வாய் பொளந்திருக்கு, உள்ள தண்ணி போயிருக்கு போல.

கூலிங்அண்ணன்

உப்பியிருந்தா சந்தேகமே வேணாம், அதான். கடைக்கு பழசையே எடுத்துட்டுப் போங்க, மாடல் நம்பரும் சொல்லுங்க, ஒயர் கலரும் கனெக்டர் பின்னும் பாத்து அதே மாதிரி வாங்குங்க, கூடவே ஃப்யூஸும் சேந்த செட்டா கெடச்சா அதையே போட்டுடுங்க. ஒயர ஒட்டு போட்டா வெறும் இன்சுலேஷன் டேப் போதாது, அந்த ஈரத்துல ஒரு மாசத்துல பிசுபிசுன்னு கழண்டுடும், ஒவ்வொரு ஜாயின்டுக்கும் சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு சூடு காட்டி இறுக்குங்க. அந்த வேலைய ஃப்ரிட்ஜுக்குள்ள செய்யாதீங்க, ஒயர வெளில எடுத்து வச்சு முடிச்சுட்டு மாட்டுங்க.

திருச்சி_ஈபி

ஸ்டெபிலைசர் இருக்கான்னு யாருமே கேக்கலையே. எங்க ஏரியால வோல்டேஜ் ஏறி இறங்கி டைமர் ரெண்டு தடவ போயிடுச்சு. கரண்ட் போயி வந்தா மூணு நிமிஷமாவது கழிச்சு ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி ஸ்டெபிலைசர்ல டிலே வச்சுக்குங்க, கம்ப்ரஸருக்கு நல்லது.

மதுரைப்பொண்ணு

இருக்குங்க, டிலேயும் இருக்கு.

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பேர் கடைல ஃப்யூஸோட செட்டா 450 ரூபாய்க்கு கெடச்சுது, ஸ்லீவ் 20 ரூபா. தம்பிதான் மாட்டினான். 23 நாளா தினமும் எழுதிட்டு வர்றேன், 3-க்கு கீழ போகல, 5-ஐ தாண்டல. நேத்து ராத்திரி கம்ப்ரஸர் நின்னப்போ உள்ள சொட்டு சொட்டா ஹீட்டர் மேல விழுந்து சுர்ருன்னு கேட்டுச்சு, பின்னாடி தட்டுல தண்ணியும் வந்திருந்துச்சு. மாவு நாலாவது நாளும் புளிப்பு ஏறாம இருக்கு.

இன்சுலின எதிர் வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்துட்டோம். பின் சுவத்துல குளிர் காத்து வர்ற ஓட்டைக்கு நேரா வைக்காம நடுத் தட்டுல முன்னாடி ஒரு டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன், அது சரிதானே பார்மசி தம்பி?

பார்மசி_தம்பி

ரொம்ப சரி அக்கா. அந்த டம்ளர் தெர்மாமீட்டர அது பக்கத்துலயே நிரந்தரமா வச்சிருங்க.