ஹத்தாத் என்ற பெயரில் நாங்கள் பார்த்தவர்கள்

நெல்லைக்காரன்:
துபாயில் எங்கள் அலுவலகத்தில் ஒரே தளத்தில் இரண்டு ஹத்தாத்கள் இருந்தார்கள். ஒருவர் லெபனான்காரர், மற்றவர் சிரியாக்காரர். சொந்தக்காரர்களா என்று கேட்டேன். "ஊருக்கு ஊர் கொல்லன் பட்டறை இருந்ததல்லவா, எல்லோரும் எனக்குச் சொந்தமா?" என்றார் லெபனான்காரர். அரபியில் ஹதீத் என்றால் இரும்பு. அதை அடிப்பவர் ஹத்தாத்.

முதல் வருடம் நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவர் மேசைக்குப் போய் வாழ்த்துச் சொன்னேன். சிரித்தபடி கைகொடுத்தார், மறுக்கவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே மஅமூல்: ரவை மாவுக்குள் பேரீச்சம்பழத்தை வைத்து, மர அச்சில் அழுத்திச் சுட்ட பலகாரம். வீட்டில் ஈஸ்டருக்காகச் செய்தது என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சிரியாக்காரர்தான் முஸ்லிம். துனிசிய யூதர்களிடமும் இந்தப் பெயர் உண்டு என்று பிறகு அறிந்தேன்.

காயல் மகள்:
உங்கள் பட்டறைக் கணக்கு எங்கள் ஹத்தாதுக்குப் பொருந்தாது! சின்ன வயதில் இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு உம்மா ஹத்தாத் ராத்திபு என்ற இறைவேண்டல் தொகுப்பை ஓதுவார். நானும் கூடவே முணுமுணுப்பேன். ஹத்தாத் என்பது ஏதோ துஆவின் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு, உடன் வேலை பார்த்த மலாய் பேசும் ஒருவரின் அட்டையில் அல்ஹத்தாத் என்று இருந்தது. முன்னோர் யேமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்தவர்களாம். ராத்திபைத் தொகுத்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (1634–1720) அங்குள்ள தரீம் ஊர்க்காரர். சிறுவயதிலேயே அம்மையில் பார்வை இழந்தவர். மலேசியாவின் ஜொகூரில் முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்புச் சொல்பவராக, இருந்த அலவி பின் தாஹிரும் இதே குடும்பப் பெயர் கொண்டவர்தான்.

"அப்படியானால் நீங்களும் கொல்லர் வம்சமா?" என்று உடன் வேலை பார்த்தவரிடம் கேட்டேன். இல்லையாம். அவர்கள் நபி வழிவந்த சையிதுகள். முன்னோர் ஒருவர் தரீமில் ஒரு கொல்லரின் பட்டறையில் அடிக்கடி போய் உட்கார்ந்திருப்பாராம். ஊரார் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அவர்கள் வீட்டு வழக்கு. இரும்பைத் தொடாமலே கொல்லர் ஆகிவிட்டார்! அன்றிரவே உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நீ ஓதுகிறாயா, இல்லையா?" என்று கேட்டார்.

கப்பல் சமையல்காரன்:
என்னுடையது சின்ன விஷயம். 2018-இல் பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, தேர்தல் செய்தியில் 'அடாஜி', 'அடாஜி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாவ் பாவ்லோ பக்கம் ஜப்பானிய வம்சாவளியினர் அதிகம் என்பதால் யாரோ ஜப்பானியர் என்றே நினைத்தேன். திரையில் எழுத்தைப் பார்த்தால் ஹத்தாத்! போர்த்துகீசியத்தில் முதல் எழுத்துக்கு ஒலியில்லை. கடைசி எழுத்து அங்கே 'ஜி' ஆகிவிடுகிறது. பெர்னாண்டோ ஹத்தாத், லெபனானிலிருந்து குடியேறியவரின் மகன், சாவ் பாவ்லோவின் முன்னாள் மேயர். அந்த அதிபர் தேர்தலில் தோற்றார்; 2023-இல் நிதியமைச்சரானார்.

நெல்லைக்காரன்:
காயல் மகள் எழுதியதை என் லெபனான் நண்பரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்பா பள்ளி ஆசிரியராம். சுவரில் ஆணி அடிக்கவேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் சுத்தியல் இரவல் வாங்குவார்களாம்.