வெற்றிக்கு நான், தோல்விக்குச் சூழல்: ஆசை செய்யும் வேலையா, மூளை போடும் கணக்கா?

பரிதி:
தேர்வில் மதிப்பெண் கூடினால் "நன்றாகப் படித்தேன்", குறைந்தால் "கேள்வித்தாள் கடினம்". இந்தத் தற்சாதகச் சார்பு சுயமதிப்பைக் காக்க மனம் செய்யும் வேலை என்பதுதான் என் நிலைப்பாடு. மெசுலிஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் 2004-இல் 266 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி விளைவளவு, அதாவது சார்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண், 0.96 வந்தது. உளவியலில் இது மிகப் பெரிய எண். மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது 0.21 ஆகச் சுருங்கிவிடுகிறது. வெறும் கணக்குப் பிழை என்றால் மனநிலையோடு சேர்ந்து ஏன் இப்படிச் சரிய வேண்டும்? மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ முறையில் பிளாக்வுட் குழு 2003-இல் செய்த ஆய்வையும் பாருங்கள். தனக்குச் சாதகமாகக் காரணம் சொன்னபோது மூளையின் உட்பகுதியில் உள்ள டார்சல் ஸ்ட்ரையேட்டம் கூடுதலாக இயங்கியது. ஊக்கத்தோடும் வெகுமதியோடும் தொடர்புடைய பகுதி அது.

எழில்:
ஸ்ட்ரையேட்டம் இயங்கியது, ஆகவே ஆசை என்று ஒரு பகுதியின் இயக்கத்திலிருந்து மனநிகழ்வை ஊகிப்பதைத்தான் மூளை ஆய்வாளர் போல்ட்ராக் 2006-இல் தலைகீழ் அனுமானம் என்று எச்சரித்தார். பழக்கம், செயல்தேர்வு, கற்றல் எல்லாவற்றிலும் இயங்கும் பகுதியை ஒரே காரணத்துக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

மனச்சோர்வு வாதமும் இருபக்கம் வெட்டும். மில்லரும் ராஸும் 1975-இலேயே சொன்னார்கள்: மனிதர்கள் பெரும்பாலும் வெற்றியை எதிர்பார்த்தே முயல்கிறார்கள். எதிர்பார்த்தது நடந்தால் காரணத்தை முயற்சியில் காண்பதும், நடக்காவிட்டால் வெளியே தேடுவதும் இயல்பான அனுமானம். மனச்சோர்வில் வெற்றி எதிர்பார்ப்பே குறைவு. அப்போது சார்பும் குறையும் என்றுதான், இது ஆசை அல்ல, மூளையின் அனுமானம் என்று சொல்லும் என் தரப்பும் கணிக்கும்.

டார்ஃப்மன் குழுவின் 2019 சோதனை இன்னும் கூர்மையானது. பங்கேற்பாளர் சுரங்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தங்கமோ கல்லோ வரும். ஒரு சூழலில், கண்ணுக்குத் தெரியாத கொள்ளையன் சில முறை தங்கத்தைக் கவர்ந்துவிடுவான் என்று சொல்லப்பட்டது. அங்கே கெட்ட முடிவுகளிலிருந்து குறைவாகக் கற்றார்கள். செல்வந்தர் ஒருவர் தங்கம் வைத்துவிட்டுப் போவார் என்ற சூழலில் நல்ல முடிவுகளிலிருந்து குறைவாகக் கற்றார்கள். அகந்தையைக் காப்பதுதான் வேலை என்றால் இந்தத் திசை திரும்பியிருக்கக் கூடாது.

பரிதி:
சுரங்கத்தில் கல் வந்தால் யாருடைய மானமும் போவதில்லை. சுயமதிப்பைத் தொடாத பணியில் சுயமதிப்பின் வேலையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தேன்மொழி:
இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. பேப்காக், லோவன்ஸ்டைன் குழுவினர் டெக்சாஸில் நடந்த ஒரு விபத்து வழக்கைப் பயன்படுத்தினார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் கார் ஓட்டுநரிடம் 1,00,000 டாலர் கேட்கிறார். பங்கேற்பாளர்களை ஜோடிகளாக்கி, ஒருவரை வாதியாகவும் மற்றவரைப் பிரதிவாதியாகவும் வைத்துப் பேரம் பேசச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் ஒரே ஆவணங்கள்தான். வாதியா பிரதிவாதியா என்பது படிப்பதற்கு முன்பே தெரிந்த ஜோடிகளில் 28% சமரசத்துக்கு வரவில்லை. படித்த பிறகு தெரிந்தவர்களில் அது 6% மட்டுமே. தகவல் ஒன்று, பணம் ஒன்று. மாறியது, யார் கண்ணோடு படித்தார்கள் என்பதுதான். எழில் சொல்லும் வெற்றி எதிர்பார்ப்பு இங்கே எங்கிருந்து வந்தது? ஆகவே சார்பு காரணம் சொல்லும் கட்டத்தில் பிறப்பதில்லை, படிக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது.

நடைமுறைக்கும் இதில் பாடம் உண்டு. சார்பைப் பற்றி முன்கூட்டியே படிக்கக் கொடுத்ததால் பயன் இல்லை. எதிராளிக்குச் சார்பு இருக்கும் என்று நம்பினார்கள், தங்களிடம் பார்க்கவில்லை. தங்கள் வழக்கின் பலவீனங்களைப் பட்டியலிடச் சொன்னபோதுதான் சமரசம் முறிவது 35 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது.

எழில்:
அந்த 28-க்கு 6 வலுவான சான்று, ஏற்கிறேன். ஆனால் பாத்திரம் தெரிந்ததும் கவனம் எங்கே போகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. வாதியாகப் படிப்பவர் வாதிக்கு உதவும் வரிகளைத் தேடுவது கவனத்தின் தேர்வாகவும் இருக்கலாம். ராஸும் சிக்கோலியும் 1979-இல் தம்பதியரிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கைக் கேட்டார்கள். சண்டை தொடங்குவது போன்ற கெட்ட செயல்களிலும் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். தன் செயல் எளிதில் நினைவுக்கு வருவதுதான் அங்கே காரணம். பெருமை அல்ல.

பரிதி:
மூளையின் மின் அலைகளை அளக்கும் இஇஜி முறையில் க்ரூஸ்மார்க் குழு 2008-இல் செய்த ஆய்வை விட்டுவிட்டீர்கள். தோல்விக்குத் தன்னைக் காரணம் காட்டுவது போலத் தனக்குச் சாதகமில்லாத காரணத்தைச் சொல்வதற்கு முன், சுமார் 320 மில்லிசெகண்டில் மூளையின் முன்பக்கம் உள்ள டார்சோமீடியல் ஃப்ரண்டல் பகுதியில் செயல்பாடு கூடியது. பழியை ஏற்கச் சுயகட்டுப்பாடு தேவை என்றால், அது எதையோ அடக்குகிறது என்று பொருள். அடக்கப்படுவது ஆசை இல்லாமல் வேறென்ன?

எழில்:
எதிர்பார்ப்புக்கு முரணான எந்தப் பதிலுக்கும் அந்தப் பகுதி உழைக்கும். மறுபடியும் தலைகீழ் அனுமானம்தான்.

தேன்மொழி:
இதைச் சோதனையில்தான் தீர்க்க முடியும். ஆனால் பல வடிவமைப்புகள் மூன்று இடங்களில் சறுக்குகின்றன. "என் திறமை" ஒரு முனை, "சூழல்" மறுமுனை என்று ஒரே அளவுகோல் வைத்தால் ஒன்று கூடும்போது மற்றது தானாகக் குறையும். ஆகவே திறமை, முயற்சி, பணியின் கடினம், அதிர்ஷ்டம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனியாகக் கேளுங்கள். அடுத்து, பணிக்கு முன்பே "எத்தனை சதவீதம் வெற்றி பெறுவீர்கள்?" என்று எழுதி வாங்குங்கள். அது இல்லையென்றால் எழிலின் விளக்கத்தைச் சோதிக்கவே முடியாது. மூன்றாவதாக, வெற்றியா தோல்வியா என்ற பின்னூட்டத்தை உண்மையான விடைகளோடு தொடர்பின்றிக் குலுக்கல் முறையில் கொடுங்கள். அது போலி என்று சந்தேகப்பட்டவர்களை நீக்கும் விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன் எழுதிவையுங்கள், இல்லையென்றால் நீக்குவதிலேயே நம் சார்பு புகுந்துவிடும். முடிந்ததும் பின்னூட்டம் பொய் என்று பங்கேற்பாளரிடம் சொல்லியாக வேண்டும்.

எழில்:
சம்மதம். ஒன்று மட்டும் சேருங்கள்: ஒரு குழுவுக்கு இது அறிவுத்திறன் தேர்வு என்றும், மற்றதற்கு மென்பொருள் சோதனை என்றும் சொல்லுங்கள். வெற்றி எதிர்பார்ப்பு சமமாக இருந்தும், வெற்றிக்கும் தோல்விக்கும் சொல்லும் காரணங்களின் இடைவெளி முதல் குழுவில் மட்டும் பெருகினால் பரிதியின் விளக்கத்துக்கு நான் வழிவிடுகிறேன்.