ஷாமோனி – ஸெர்மாட் பனிச்சறுக்குப் பயணம்: கடைசி நாளுக்கு எப்படித் தயாராவது?

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஏப்ரலில் வழிகாட்டியுடன் ஓட் ரூட் போகிறேன். பிரான்சின் ஷாமோனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் முடியும் பாதை இது. போய்வந்தவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் தேவைப்படுகிறது.

என் கவலையெல்லாம் கடைசி நாள்தான். இரவு தங்கும் வின்யெட் மலைக்குடிலிலிருந்து விடியும் முன்பே கிளம்பி எவெக், மோன் ப்ரூலே, வால்பெலின் என்று மூன்று கணவாய்களைக் கடக்க வேண்டும். வால்பெலின் மட்டுமே 3,500 மீட்டருக்கு மேல். அதன்பிறகு பனியாற்றுப் பிளவுகளுக்கு நடுவே நெடிய இறக்கம். வெயில் ஏறினால் பனி இளகி, பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்கள் வலுவிழந்துவிடும். எனவே நிதானமாக இளைப்பாறவும் முடியாது. பல நாள் களைப்போடு இந்த வேகத்தைத் தாங்க என்ன பயிற்சி செய்தீர்கள்? மோன் ப்ரூலேயின் செங்குத்தான பகுதியில் ஸ்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு கிராம்பானுடன் (காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) ஏறினீர்களா?

கயிறு, பனிக்கோடரி பற்றியெல்லாம் வழிகாட்டி சொல்லிவிட்டார். ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கைகளின் அடியில் ஒட்டும் பட்டைகளான ஸ்கின்களின் பசைதான் உறுத்துகிறது. ஈரமானால் ஒட்டுவதில்லை. குடில்களில் காயவைக்க இடம் கிடைக்கிறதா?

வானிலை கெட்டு, பாதையருகே உள்ள அரோலா கிராமத்திலேயே இறங்கியவர்களும் அவசியம் எழுதுங்கள். அந்த முடிவை எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள்?