மூடுபனியை மட்டுமே குடித்து வாழும் குதிரை அளவு விலங்கு: உயிரியல்படி சாத்தியமா?

மணல்மேடு:
நான் உருவாக்கும் கற்பனை உலகத்தில் மழையே இல்லாத ஒரு பீடபூமி இருக்கிறது. விடியற்காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும், வெயில் வந்ததும் கலைந்துவிடும், அவ்வளவுதான் தண்ணீர். அங்கே மேயும் விலங்குக்குப் பனிநக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். குதிரை அளவு உடம்பு, முதுகில் வழவழப்பான அகலத் தகடுகள், அதில் பனி படிந்து வாய்க்கு வழியும். நமீப் பாலைவனத்து வண்டு ஒன்று தலையைத் தாழ்த்தி நின்று இப்படித்தான் குடிக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய உடம்புக்கு இது போதுமா? கூட்டம் எப்படி நடந்துகொள்ளும், குட்டி எப்படிப் பிழைக்கும்? மந்திரம் என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை.

எலும்புக்கூடு:
வண்டை அப்படியே பெரிதாக்கினால் செத்துப்போகும். நீளம் இரண்டு மடங்கானால் தோல் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. பனியைப் பிடிப்பது பரப்பு, தாகம் எடுப்பது எடைக்கு. குதிரைக்கு நாளுக்கு 20, 25 லிட்டராவது வேண்டும். சிலி நாட்டுக் கடலோர மலைகளில் கட்டும் பனிவலைகளே சதுர மீட்டருக்கு நாளுக்குச் சில லிட்டர்தான் தருகின்றன. அதனால் வரவைக் கூட்டுவதைவிடச் செலவைக் குறையுங்கள். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தை விடியலில் 34 டிகிரி வரை இறக்கி, பகலில் 41 வரை ஏறவிடும், அதனால் வியர்த்து வீணாக்க வேண்டியதில்லை. உங்கள் விலங்கு விடியலில் நனைந்து நிற்பதால் இயல்பாகவே நன்றாகக் குளிர்ந்துவிடும், அந்தக் குளிர்ச்சியை வைத்தே பாதிப் பகலை ஓட்டலாம்! சாணம் கட்டாந்தரை மாதிரி காய்ந்து விழட்டும், சிறுநீர் கெட்டியாக இருக்கட்டும். மேய்வதையும் இரவுக்கு மாற்றுங்கள், காய்ந்த இலைகூட அப்போது காற்றிலிருந்து ஈரம் இழுத்து வைத்திருக்கும்.

தும்பைப்பூ:
எனக்கு அந்தத் தகடுதான் உறுத்துகிறது. மூடுபனித் துளி மிக மிக நுண்ணியது, அகலமான பரப்பு எதிரே வந்தால் காற்றோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு போய்விடும், மெல்லிய இழைகளில்தான் நன்றாக மோதி ஒட்டும். பனியைப் பிடிக்கப் பலகை வைக்காமல் வலை கட்டுவதும் அதனால்தான். எனவே தகட்டை எடுத்துவிட்டு, கழுத்திலிருந்து விலா வரை விறைப்பான நீண்ட மயிர் கொடுங்கள். மயிரடித் தோலில் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடட்டும். ஆஸ்திரேலியாவில் உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு பல்லி தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நின்றாலே போதும், தோலின் வரிப்பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் தானாக வாயோரம் வந்துவிடும், அது வாயை மென்று மென்று விழுங்கும். அந்த மெல்லும் அசைவை உங்கள் விலங்குக்கும் வைத்தால் பார்க்கவே நன்றாக இருக்கும்.

காற்றாடி:
நடத்தை பற்றி யாரும் பேசவில்லையே. முன்னால் நிற்பது பனியைப் பிடித்துக்கொண்டால் பின்னால் நிற்பதற்கு மிச்சம்தான். ஆகவே கூட்டம் காற்றுக்குக் குறுக்கே, மலை விளிம்பில் ஒற்றை வரிசையாக நிற்கும். விளிம்பில் இடம் குறைவு, சண்டை முழுக்க அந்த இடத்துக்குத்தான். வேட்டை விலங்குக்கும் நேரமும் இடமும் தெரியும், அதனால் வரிசையின் இரு முனைகளிலும் தலை தாழ்த்தாமல் காவல் நிற்கும் விலங்குகள் வேண்டும், அவை அன்று குறைவாகக் குடிக்கும், மறுநாள் முறை மாறும். குட்டிக்குக் கல்கௌதாரியைப் பாருங்கள்: ஆண் பறவை வயிற்று இறகில் தண்ணீரை நனைத்துக்கொண்டு பல கிலோமீட்டர் பறந்து வந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும்.

மணல்மேடு:
தகடு போய்விட்டது, மயிர் வந்துவிட்டது, இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. ஈன்ற தாய் குளிர்காற்று படாத பள்ளத்தில் குட்டியோடு தங்கும், ஆண் வயிற்று மயிர் சொட்டச் சொட்ட இறங்கி வரும் என்று வைக்கிறேன். ஆனால் முதலில் குடிப்பது குட்டியா, தாயா?

எலும்புக்கூடு:
தாய்தான். பால் சுரப்பதே பெரிய தண்ணீர்ச் செலவு, அவள் வற்றினால் குட்டிக்கு அந்தச் சொட்டு போதாது. குட்டி மயிரைச் சப்பத் தொடங்குவது பால் மறக்கும் பருவத்தில் வரட்டும்.