ஹெட்டிங், கோர்ஸ், பேரிங்: மூன்றுக்கும் ‘திசை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பார்வையற்றோர் நடந்து செல்லும்போது காதால் கேட்டுப் பயன்படுத்தும் வழிகாட்டிச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். ஹெட்டிங், கோர்ஸ், பேரிங் மூன்றுக்கும் ‘திசை’ என்றே போட்டிருக்கிறது. திரையைப் பார்ப்பவர் அம்புக்குறியை வைத்துச் சமாளித்துக்கொள்வார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கில் “திசை வடகிழக்கு” என்று மட்டும் கேட்பவர் என்ன செய்வது?

குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். போனின் தலைப்பக்கம் காட்டுவது ஒரு திசை (ஹெட்டிங்), கால் போய்க்கொண்டிருப்பது இன்னொன்று (கோர்ஸ்), பெட்ஃபோர்டு இருப்பது மூன்றாவது (பேரிங்). வளைந்து ஏறும் சாலையில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். என் பரிந்துரை: நோக்குதிசை, செல்திசை, இலக்குத்திசை.

(உதகை)

*

> நோக்குதிசை, செல்திசை, இலக்குத்திசை

பின்னிரண்டும் அருமை. முதலாவதில் எனக்குத் தயக்கம். ‘நோக்கு’ என்றதும் தன் முகம் பார்க்கும் பக்கம் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். செயலி சொல்வது போனின் மேல்முனை காட்டும் பக்கத்தை. சட்டைப்பையில் குறுக்காகக் கிடந்தால் இரண்டுக்கும் 90 டிகிரி வேறுபாடு வரும், கடிகார முகப்பை வைத்துச் சொல்லும் “2 மணி திசையில்” (நேர் முன்னே 12 மணி) என்பது 5 மணியாகவோ 11 மணியாகவோ போய்விடும். ஆகவே ‘முனைத்திசை’. சொல்லைக் கேட்டதுமே போனை நேராகப் பிடிக்கத் தோன்றும்.

முனைத்திசையைத் தருவது போனுக்குள் இருக்கும் காந்தமானி. நிறுத்திய பேருந்து, இரும்புக் கைப்பிடி, காந்தப் பொத்தான் வைத்த போன் உறை, இவற்றில் எது அருகில் இருந்தாலும் தடுமாறும். விலகி நின்று போனைக் காற்றில் 8 போலச் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும். செல்திசை அப்படியல்ல. செயற்கைக்கோள் தரும் இடப்புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்பதிலிருந்து கணக்கிடுவது. நின்றால் அதற்குப் பொருளே இல்லை, சும்மா சுழலும். பத்துப் பன்னிரண்டு அடி ஒரே சீராக நடந்த பிறகுதான் நம்பலாம். ஆகவே நிற்கும்போது முனைத்திசை, நடக்கும்போது செல்திசை என்று செயலி மாற்றிச் சொல்லும்போது, எதைச் சொல்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இன்னொரு வசதி: மு, செ, இ என்று முதலெழுத்துகள் வேறு வேறு. பேச்சு வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பவர்கள் சொல்லின் தலையைத்தான் பிடிப்பார்கள்.

(கோத்தகிரி)

*

முனைத்திசைக்கு என் ஓட்டும். ஆனால் அதே கோப்பில் இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது: “சாலையின் கீழ்ப்பக்கம்”. கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு, மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு. சமவெளியிலிருந்து வந்தவர் காதில் ‘கீழ்ப்பக்கம்’ கிழக்காகவும் விழும். நம் மலையிலோ பள்ளம் எந்தத் திக்கிலும் இருக்கும். மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்று பேச்சில் இருப்பதையே வைத்துவிடலாம். வெள்ளைக்கோலுக்கும் இதுதான் தேவை: வடிகால் பெரும்பாலும் மேட்டுப்பக்கம், தடுப்புச்சுவர் (இருந்தால்!) பள்ளப்பக்கம்.

தொலைவுக்கும் இரண்டு சொல் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் இலக்கு 40 மீட்டர் என்று சொல்லும். நடந்தால் 400 மீட்டர் இருக்கும். யாரோ ‘காக்கைத்தொலைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அது ஆங்கில மரபு, நம் காக்கை நேராகப் பறப்பதற்குப் பேர்போனதில்லை. நேர்த்தொலைவு, நடைத்தொலைவு போதும்.

கடைசியாக, இடப்புள்ளியை அருகிலுள்ள சாலையின் மேல் இழுத்து வைக்கும் ‘ஸ்நாப்’. ‘சாலையொட்டல்’ என்ற மொழிபெயர்ப்பு வேண்டாம், “சாலையை ஒட்டி நடக்கவும்” என்பதோடு குழம்பும். ‘தடப்பொருத்தல்’ என்கிறேன். மலையில் அதிகம் தவறிப்போவது இதுதான். திறந்த வானத்தில் போனின் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும். மலைச்சரிவு பாதி வானத்தை மறைத்தால் பள்ளப்பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மட்டுமே மிஞ்சும், பிழை சாலைக்குக் குறுக்காகக் கூடும். வளைவின் இரு கைகளும் 20 மீட்டருக்குள் இருந்தால் செயலி உங்களை அடுத்த சாலையில் பொருத்திவிடும். மூடுபனியைக் குறை சொல்ல வேண்டாம், அது சிக்னலை மறைப்பதில்லை. நனைந்த கற்பூரமரக் (யூகலிப்டஸ்) கூட்டம் மறைக்கும். காற்றழுத்தமானி உள்ள போனில் ஒரு வழி உண்டு: உதகை உயரத்தில் 10 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும், அதைக்கொண்டு எந்தக் கை என்று பிரிக்கலாம்.

“தடப்பொருத்தல் ஐயம், நின்று சரிபார்க்கவும்” என்று ஓர் அறிவிப்பும் சேர்க்கச் சொல்லுங்கள்.

(குன்னூர்)

*

சேர்த்தாயிற்று. ‘ஐயம்’ வேகத்தில் ‘ஐந்து’ போலக் கேட்கிறது, ‘சந்தேகம்’ என்று மாற்றியிருக்கிறேன். முனைத்திசைக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள்.

(உதகை)