கலைச்சொல்: நான்-ஹியூமன் பயாலஜிக்ஸ் (non-human biologics), தமிழில் என்ன சொல்லலாம்?

> 'வேற்றுக்கிரக உயிர்ப்பொருள்' என்றே வைத்துவிடலாமே. படித்தவுடன் விளங்கும்.

விளங்கும் ஐயா, சாட்சி சொல்லாததும் சேர்ந்து விளங்கிவிடும். 2023 ஜூலை 26 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைத் துணைக்குழு முன் முன்னாள் விமானப்படை உளவு அதிகாரி டேவிட் கிரஷ் சொன்னது இவ்வளவுதான்: மீட்கப்பட்ட சில பறக்கும் கலங்களோடு 'பயாலஜிக்ஸ்' வந்தன, அவை மனிதருடையவை அல்ல. அதையும் திட்டத்தை நேரில் அறிந்தவர்கள் கூறியதாகவே சொன்னார். அடையாளம் தெரியாத வான்பொருள்களை ஆராயும் பென்டகனின் ஆரோ (AARO) அலுவலகமோ 2024 மார்ச் அறிக்கையில், வேற்றுலகக் கலங்களைப் பிரித்தாயும் மறைவுத் திட்டம் எதற்கும் சான்றில்லை என்றது. ஆகவே முன்னொட்டு 'மனிதரல்லா' என்பதோடு நிற்கட்டும். கோழியும் மனிதரல்லாததுதான், அந்த மழுப்பல் மூலத்திலேயே இருக்கிறது, நாம் திருத்தத் தேவையில்லை.

> பின்பாதிக்கு 'உயிரெச்சம்'?

காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். ஃபாசிலுக்குத் 'தொல்லுயிர் எச்சம்' வேறு வழக்கில் இருக்கிறது. 'உடல்' என்றால் திசு, திரவம் விடுபடும். மருந்துத்துறையில் பயாலஜிக்ஸ் என்பது தடுப்பூசி, இன்சுலின் வகை. அங்கே 'உயிரி மருந்து' போதும். இங்கே 'உயிர்ப்பொருள்' சரி.

இதைவிட அவசரமாக வேண்டியது, எந்த உயிரோடும் பொருந்தாத டி.என்.ஏ. துண்டுக்கு ஆய்வகச் சொல் ஒன்று. சிலி அட்டகாமாவில் 2003-இல் கிடைத்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 15 செ.மீ. நீளம், 12-க்குப் பதில் 10 இணை விலா எலும்புகள். மரபணுத் தொடர் பார்த்ததில் ஏறத்தாழ 8 விழுக்காடு மனித மரபணுவோடு பொருந்தவில்லை. 'மனிதரல்லா' என்று கிளப்ப அது போதுமே! 2018-இல் வெளியான ஆய்வு அதை மனிதப் பெண் குழந்தை என்றது. பொருந்தாமைக்குக் காரணம் மாதிரியின் சிதைவு.

நடப்பது இது. பழைய எலும்பில் டி.என்.ஏ. பெரும்பாலும் 100 எழுத்துக்கும் குறைவாக நொறுங்கியிருக்கும். முனைகளில் சைட்டோசின் என்ற எழுத்து அமைன் இழந்து யூராசிலாக மாறும். கருவி அதைத் தைமின் என்ற வேறு எழுத்தாகப் படிக்கும். 30 எழுத்துக்குக் கீழே போனால் எந்த உயிரோடும் தற்செயலாகப் பொருந்தலாம். மண் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கும், அவற்றில் பல இன்னும் தரவுத்தளத்தில் ஏறவே இல்லை. அதனால்தான் மேற்பரப்பைச் சுரண்டி, பிளீச்சில் துடைத்து, எலும்புத்தூளே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கடைசிவரை கூடவே ஓட்டுகிறார்கள். வெற்றுக் குழாயிலும் அதே துண்டு வந்தால் அது வேதிப்பொருளிலிருந்தோ கையுறையிலிருந்தோ வந்தது.

பொருந்தாத இந்தத் துண்டுகளுக்கு 'அறியப்படாத மரபணு' என்று எழுதுவதை நிறுத்தவேண்டும். 'இணைகாணா துண்டு' என் முன்மொழிவு.

---

> 'இணைகாணா துண்டு' என் முன்மொழிவு.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். 'இணைகாணாத் துண்டு' என்று பட்டியலில் ஏற்றுகிறேன். 'மனிதரல்லா உயிர்ப்பொருள்' அப்படியே போகலாம், வருமொழி உயிரில் தொடங்குகிறது. விளக்கக் குறிப்பில் 'கிரஷ் சாட்சியத்தில் வந்த சொல். ஆய்வக முடிவைக் குறிக்காது' என்று சேர்க்கலாமா? ஞாயிறுவரை மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பூட்டிவிடுகிறேன்.