காண்டாக்ட் கிரில்லில் கோழி வறண்டு போகுது, மீன் ஒட்டுது: எங்கே தப்பு?

கேள்வி:
மேலும் கீழும் சூடாகிற எலக்ட்ரிக் கிரில். எலும்பில்லாத நெஞ்சுக்கறி போட்டால் ஓரம் வறண்டுடுது, நடுவில் பச்சையா இருக்கு. நிறமும் வெளுத்துதான் வருது. மீன் மேல்தட்டில் ஒட்டி, மூடியைத் திறந்ததும் ரெண்டாப் பிளந்துடுது. சூட்டைக் கூட்டணுமா, நேரத்தையா?

பதில் 1:
ரெண்டும் வேண்டாம், முதல்ல கறியோட கனத்தைப் பாருங்க. நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடிமன், வால் பக்கம் மெல்லிசு. தடித்த பக்கம் வேகறதுக்குள்ள மெல்லிசு பக்கம் காய்ஞ்சுடும். மேல்தட்டும் சாய்ந்துதான் உட்காரும். படுக்கை வாட்டில் கத்தி விட்டு ரெண்டாக்குங்க, இல்லைன்னா தட்டி எல்லா இடமும் 1.5 செ.மீ. ஆக்குங்க.

வெளுப்புக்குக் காரணம் ஈரம். மூடிய கிரில்லில் ஆவி வெளியேற வழி கம்மி. மேலே இருக்கிற தண்ணி வற்றுற வரைக்கும் கறி 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்கவும் செய்யாது. மசாலாவை வழித்துவிட்டு டிஷ்யூவால் நல்லா ஒற்றி எடுங்க. விளக்கு 'ரெடி' காட்டினதும் போடாமல் இன்னும் ரெண்டு மூணு நிமிஷம் காய விடுங்க. துண்டுகளை நெருக்கி அடுக்காதீங்க. 1.5 செ.மீ. கனத்துக்கு 5-6 நிமிஷம் போதும். மூடியை மட்டும் கையால் அழுத்தவே கூடாது, சாறெல்லாம் கொழுப்பு வடியும் தட்டுக்குப் போயிடும்.

பதில் 2:
மீனுக்கு: எண்ணெயைத் தட்டில் ஊத்தாமல், துடைத்து உலர்த்திய மீன் மேலேயே மெல்லிசா தடவுங்க. 2 செ.மீ. துண்டுக்கு 4-5 நிமிஷம், முதல் 3 நிமிஷம் திறக்காதீங்க. சதை சிவந்து இறுகினால் தானே விட்டுடும். திறக்கும்போது மூடியை விரல் அளவு தூக்கி, மேலே ஒட்டியிருந்தால் மெல்லிய சிலிக்கான் கரண்டியால் விடுவித்துவிட்டு முழுசாத் திறங்க. உதிரும் சதையுள்ள மீன்னா, மூடியை உயரத்தில் நிறுத்துற வசதி இருந்தால் மேல்தட்டு படாமல் வேகவைங்க, நேரம் கொஞ்சம் கூடும்.

ஸ்பிரே எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள லெசித்தின் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாப் படிஞ்சுடும், அப்புறம் எதைப் போட்டாலும் ஒட்டும்.

பதில் 3:
வெந்ததான்னு நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை குத்திப் பாருங்க: கோழி 74 டிகிரி, கொத்துக்கறி 71, மீன் 63.

கேட்டவர்:
நன்றி. எலும்போட தொடைக்கறி போடலாமா?

பதில் 1:
சரி வராதுங்க. எலும்பு தட்டைத் தூக்கிப் பிடிக்கும், எலும்பை ஒட்டின சதை வேகாது. எலும்பை எடுத்துட்டுப் போட்டால் நெஞ்சுக்கறியை விட தொடைதான் சாறோட வரும்.